கஸ்தூரி போட்டுக் காட்டிய எண்ணிக்கை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம், பெரிய ஆர்டரைப் பிடித்த கதையைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதும் ஒரு ஆர்டரைப் பிடித்த கதைதான். ஆனால் அது பிடித்திருக்கவே கூடாத ஆர்டர்.

நான் முப்பத்தாறு வருடம் மோட்டார் தொழிலில் இருந்தவன். கடைசிப் பதினாலு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உற்பத்திப் பொறுப்பு. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் வரும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. நீங்களும் அந்த நினைப்போடுதான் வந்திருப்பீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

எங்கள் கம்பெனியில் கிணற்றுப் பம்புக்கும் மாவு கிரைண்டருக்கும் மோட்டார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அமோகமாகவும் ஓடவில்லை, படுத்துவிடவும் இல்லை. வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். எல்லாரும் ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம் பக்கம். அப்பா, தாத்தா காலத்தில் வயல் வேலைக்குப் போன குடும்பங்கள். இவர்கள் காலை ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடந்து வருவார்கள். வேலை என்னவென்றால், மோட்டாருக்குள் இருக்கிற இரும்பு வளையத்தின் உட்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருளை அந்தப் பள்ளத்துக்குள் கட்டைவிரலால் அழுத்தித் திணித்து, மேலே காகிதம் செருகி, நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். அழுத்தும்போது எனாமலில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த மோட்டார் என்றைக்காவது புகைந்துவிடும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. பாதி நேரம் டெஸ்டிலும் தெரியாது.

அந்த மேஜைகளில் ஒரு பழக்கம் இருந்தது. உங்கள் காலேஜில் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள். கை வேகம் உள்ளவள் ஒருநாளும் தன் முழு வேகத்தைக் காட்ட மாட்டாள். தன் பங்கை முடித்துவிட்டு, பக்கத்து மேஜையில் திணறுகிறவளின் வளையத்தை எடுத்துப் பாதி போட்டுக் கொடுப்பாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் எல்லார் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருக்கும். இவளுக்குக் காய்ச்சல், அவளுக்குக் கண் மங்கல் என்பதெல்லாம் மேலே தெரியாமலே ஓடிவிடும். இது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். பதினாலு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இருக்கிறதிலேயே வேகமான கை கஸ்தூரியுடையது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. பக்கத்து மேஜையில் தேவகி, இவளைவிட ஏழெட்டு வயது பெரியவள், கண் சரியில்லாதவள். முத்தாபுதுப்பேட்டையில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. ஒரே ரயிலில் வருவார்கள், டிபன் பாக்ஸைத் திறந்தால் இவள் குழம்பு அவள் சோற்றில் இருக்கும். தேவகியின் தட்டில் தினமும் ஐந்தாறு வளையம் கஸ்தூரி போட்டது. அதை அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதுகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதுதான் ஊரெல்லாம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் காய்ச்சல் வந்தது. ஒரு பெரிய ஸ்கூட்டர் கம்பெனி மோட்டாருக்கு ஆள் தேடியது. பலரையும் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு பேரை நிறுத்தியது. ஒன்று நாங்கள். இன்னொன்று ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி, எல்லாம் தானியங்கி மெஷின், புது ஷெட். எங்கள் முதலாளியும் வெளிநாட்டில் அதே மாதிரி மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்தார். வந்து சேர ஒன்பது மாதம் ஆகும். அதுவரைக்கும் கையாலேயே செய்து கொடுப்போம், எண்ணிக்கை குறையாது என்று எழுதிக் கொடுத்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அப்பா காலத்துப் பம்ப் மோட்டாரையே செய்துகொண்டிருந்தால் இன்னும் ஐந்து வருடத்தில் எஸ்டேட்டில் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் வேலைக்கு இடம் வேண்டும் என்று, புது ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பம்ப் கம்பெனிகளுக்கெல்லாம் இனி எங்களால் முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டார். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்பார்களே, அதேதான். பாதிப் பம்ப் வேலையையாவது வைத்துக்கொள்வோம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் உற்சாகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கும் பயம்தான்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூட இருந்து பார்ப்பதாக ஏற்பாடு. புது மோட்டாருக்கான கருவிகள் ஒரு மேஜைக்குத்தான் தயாராகியிருந்தன. அந்த ஒரு மேஜையை எண்ணிப் பார்த்து மற்ற மேஜைகளுக்குப் பெருக்கிக்கொள்வார்கள். யாரை உட்காரவைப்பது என்பது எங்கள் இஷ்டம். இந்த மாதிரி ட்ரையலில் எல்லாக் கம்பெனியும் கெட்டிக்காரக் கையைத்தான் உட்காரவைக்கும். பம்ப் கம்பெனிக்காரர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், சிரித்துக்கொண்டே நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எழுதிக்கொள்வார்கள். இவர்கள் அப்படி இல்லை. லேப்டாப்பில் ஏறியது ஏறியதுதான். அவர்களுக்கு வேண்டியது ஒரு ஷிஃப்டில் ஒரு ஆளுக்கு முப்பது. என் மதிப்பில் ஒரு நல்ல கைக்கு இருபத்திரண்டு, கூடிப்போனால் இருபத்துமூன்று வரும்.

இந்த இடத்தில்தான் நான் முதலாளியிடம் போய், ஐயா இது முடியாத காரியம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், ட்ரையலுக்கு முதல் நாள் மத்தியானம் கஸ்தூரியை ஸ்டோர்ஸ் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். நாளைக்கு நீ யாருக்காகவும் நிற்காமல் உன் முழு வேகத்தில் போட வேண்டும் என்றேன்.

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை.

"இன்னா சார், புச்சா கீது? அப்பறம் அந்த எண்ணிக்கையவே எல்லார் தலையிலயும் கட்டிட மாட்டீங்களா? தேவகிக்காவால அது ஆவுமா?"

எவ்வளவு படிப்பு படித்திருக்கிறேன் நான். எட்டாவது வரை படித்தவள் ஒரு நொடியில் பார்த்ததை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. இந்த ஒரு நாளைக்குத்தான், அப்புறம் மெஷின் வந்துவிடும் என்றேன். அதற்கும் அவள் மசியாததால் உண்மையைச் சொன்னேன். பம்ப் ஆர்டர் எல்லாம் போய்விட்டது, இது வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான், இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். இது மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியக் கூடாதும்மா," என்றேன். "தெரிஞ்சா பாதிப் பேரு நாளைக்கே வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. தேவகிகிட்டயும்தான்."

"சரி சார். சொல்ல மாட்டேன்," என்றாள்.

மறுநாள் அவள் வேலை செய்ததைப் போல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தலையைத் தூக்கவில்லை. டீக்கு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். முப்பத்தொன்று போட்டாள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆர்டர் வந்தது. எல்லா மேஜைக்கும் கருவிகள் வந்தன. போர்டில் ஒரு ஆளுக்கு முப்பது என்று எழுதினேன். அன்றே பெண்கள் கூட்டமாக என் முன்னால் வந்து நின்றார்கள். இது எப்படி முடியும், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார்கள். முதலாளி மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்கள்ல ஒருத்தி முப்பத்தொண்ணு போட்டுக் காட்டியிருக்கா. மத்தவங்களால ஏன் முடியாது?"

இருபத்தோரு பேரும் திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்தார்கள். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான்தான் போடச் சொன்னேன், உங்களுக்காகத்தான் போட்டாள் என்று நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். நான் போர்டைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

தம்பிகளா, அம்மா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்றால் மெஷின் வாங்கலாமா, விலையைக் குறைக்கலாமா என்பதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். முதலாளி எடுத்த முடிவு தப்பாகப் போனது, அது தொழிலில் நடப்பது. போட்டிக்காரன் நம்மைவிடப் பெரியவனாக இருந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆழம் தெரியாமல்தான் காலை விடுவார்கள். நான் செய்தது அந்த ரகமில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டே அதை ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்கு எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. லைன் லீடர் ஆவதற்காக ஓடியிருக்கிறாள், நம் எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டாள் என்று. கஸ்தூரியால் இப்போது யாருக்கும் கைகொடுக்க முடியவில்லை, அவளுக்கே முப்பது போடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். தேவகியின் தட்டில் பதினாறு, பதினேழுதான் தேறியது. சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் அவளைத் திட்டினார். அதற்கப்புறம் தேவகி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். ரயிலிலும் வேறு பெட்டியில் ஏறினாளாம். கஸ்தூரி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் தினமும் பார்ப்பேன்.

வந்த ஆயுத பூஜையில் முதலாளி நல்லெண்ணத்தில்தான் செய்தார். பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த கையோடு, கஸ்தூரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு குத்துவிளக்கைப் பரிசாகக் கொடுத்தார். இவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாலு வார்த்தை பேசினார். கைதட்டியது நானும் சூப்பர்வைசரும் மட்டும்தான். அவள் அந்த விளக்கை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

எண்ணிக்கை வரவேண்டும் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கட்டைவிரலால் அழுத்துகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் அழுத்தினார்கள். மூலைக் காகிதத்தை விட்டுவிட்டுக் கட்டினார்கள். நான் பார்த்தேன். மூன்றாவது மாதத்தில், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோம் என்று முதலாளியிடம் ஒருவழியாகச் சொல்லியும்விட்டேன். இப்போது குறைத்தால் அடுத்த நாளே ஒரகடத்துக்காரன் உள்ளே வந்துவிடுவான், மெஷின் வரும்வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றார். கடித்துக்கொண்டேன். மெஷினோ தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் கஸ்தூரியின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவள் அதை மூன்று தடவை எடுக்கப் பார்த்து, கடைசியில் இடது கையால் எடுத்தாள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப் போகிறது, சரியாகிவிடும் சார் என்றாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் நான் பார்த்த வைத்தியம்.

அப்புறம் நடந்ததை இழுப்பானேன். ஸ்கூட்டர்கள் நடுரோட்டில் புகைந்து நின்றன. மோட்டார்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாம் கீறல். எட்டாவது மாதம் ஆர்டர் முழுக்க ஒரகடத்துக்குப் போனது. பம்ப் கம்பெனிகள் வேறு ஆளைப் பிடித்து நிம்மதியாக இருந்தன, எங்கள் போனை எடுக்கவே இல்லை. அதெல்லாம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து மெஷின் வந்து இறங்கியது. மரப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, மேலே தார்ப்பாய் போட்டு வாசலோரம் வைத்திருந்தோம். கஸ்தூரி எதற்காக அந்த முப்பத்தொன்றைப் போட்டாளோ அதுவே நடந்தது. இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். கடைசி நாளன்று இருபத்தோரு பேர் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினார்கள். அவள் அவர்கள் போகும்வரை உள்ளேயே நின்றுவிட்டுப் பிறகு தனியாகப் போனாள்.

நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆவடியில் அப்பா தொழிற்சாலை வேலையில் இருந்தபோது குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், இப்போதும் அதே பக்கம்தான் வீடு. முத்தாபுதுப்பேட்டை கூப்பிடு தூரம். ஆனாலும் நாலு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. போன தை மாதம் பழைய சூப்பர்வைசரை மார்க்கெட்டில் பார்த்தேன். கஸ்தூரியின் மகள் கல்யாணத்துக்குப் போனாராம். வைண்டிங் பிரிவிலிருந்து ஒருத்திகூட வரவில்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொண்டுவந்தாள். வலது கட்டைவிரலின் அடிப்பகுதி சதை வற்றிக் குழிந்திருந்தது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, இப்போது அவளும் போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் செய்தது பாவம், என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். என் வயதுக்கு அழுதும்விட்டேன்.

அவள் எதிரே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

கம்பெனி மூடின பிறகாவது நீயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டது ஒரு பக்கம், வேலை போன ஆத்திரத்தில் இருக்கிறவர்களிடம் அதைச் சொன்னால் எவள் நம்புவாள் என்றாள். தப்பித்துக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்பார்களாம். பிறகு காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேவகி இப்போது மகனோடு கரையான்சாவடியில் இருக்கிறாள். மெயின் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. போன வாரம் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. ஸ்டோர்ஸ் பக்கம் கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டதையும், அவள் முதல் கேள்வியாகத் தேவகியால் முடியுமா என்று கேட்டதையும், கடை மூடப்போகிறது என்று சொல்லி அவளைச் சம்மதிக்கவைத்ததையும், உங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியதையும் சொன்னேன். போர்டு பக்கம் திரும்பிக்கொண்டதையும் சொன்னேன்.

தேவகி துடைத்துக்கொண்டிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"இத்த சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு சார்?"

நேரம் பார்த்துச் சொல்வதே பிழைப்பாக இருந்தவன் நான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

"கஸ்தூரி, அது பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகை எத்துகினு இம்மாந்தூரம் வந்துச்சி சார். நான் வாசப்படியிலயே நின்னு வாங்கிகினேன். உள்ள வான்னு சொல்லல. வெயில்ல வந்திருக்கே, ஒரு வாய் தண்ணி குடிக்கிறியான்னு கேக்கல. அப்பவும் அது ஒண்ணும் சொல்லல சார். வந்துடுக்கான்னு மட்டும் சொல்லிட்டு பூட்ச்சி."

கடைக்குள் யாரோ குக்கர் விலை கேட்டார்கள். கடைக்காரர் தேவகியின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.